ஆவாரம் பட்டையும் இறுகிய மூச்சும்

பாலாற்றுக்குத் தெற்கே ஜவ்வாது மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் வழியில் இருக்கிற அணைக்கட்டு என்னும் ஊரின் பெயர், ஆங்கிலேயப் பொறியாளர்கள் தமிழிடம் கடன் வாங்கி, ‘அனிகட்’ என்று தம் நாவுக்கு இசைந்தபடி திரித்து, நீர்ப்பாசன அறிக்கைகளிலும் அகராதிகளிலும் குடியேற்றிவைத்த சொற்களில் ஒன்று. கல்லையும் சுண்ணாம்பையும் சேர்த்துக் கட்டி, ஓடுகிற நீரை ஓரிடத்தில் நிற்கச் செய்யும் காரியத்துக்கு அந்தப் பெயர். அந்த ஊரைச் சூழ்ந்த நாட்டில், வேலூர் தொடங்கி ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வரையில், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவருகிற பெருந்தொழிலும் ஒருவகையில் கட்டும் தொழிலே: இறந்த மிருகத்தின் தோலில் அழுகிப்போகக் காத்திருக்கும் நாரைப் பட்டைச் சாறு கொண்டோ உலோக உப்புக் கொண்டோ கட்டி நிறுத்தி, அழிவைத் தள்ளிப்போடுகிற தொழில். அதே நார் உயிருள்ள மனிதனின் மார்புக்குள் வேண்டாத இடத்தில் வேண்டாத அளவில் கட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை உலகத்து வைத்தியர்கள் கண்டறிந்த கதையை, தோலின் கதையோடு சேர்த்துச் சொல்வதற்கு இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

தோலின் கதை செடியிலிருந்து தொடங்குகிறது. வட ஆற்காட்டின் வறண்ட மேட்டுநிலங்களில், யாரும் விதைக்காமலும் நீர் ஊற்றாமலும், மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரைக்கு, போகிப் பண்டிகையன்று வாசலில் காப்புக் கட்டும் கொத்திலே ஒரு கௌரவம் உண்டு. மற்ற நாட்களில் அதை ஏறிட்டுப் பார்ப்பவர் குறைவு. ஆனால் அதன் பட்டையை உரித்து உலர்த்தி இடித்து நீரில் ஊறவைத்தால் இறங்குகிற துவர்ப்புச் சாற்றுக்கு, தோலின் நாரைப் பிடித்துக்கொண்டு விடாத குணம் இருக்கிறது என்பதை நம் சக்கிலியர் எந்தக் காலத்திலேயோ அறிந்திருந்தார்கள். கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சாலும், செருப்பும், பறையும், கொல்லன் உலைத் துருத்தியும் அந்த அறிவிலே உருவானவை. ஜவ்வாது மலையிலிருந்து கடுக்காயும், காட்டோரத்திலிருந்து கொன்னைப் பட்டையும், மேட்டுநிலத்திலிருந்து ஆவாரம் பட்டையும் கட்டை வண்டிகளில் இறங்கிப் பாலாற்றங்கரைத் தோல் கிடங்குகளுக்குப் போய்ச் சேர்ந்தன. கிராமத் தேவைக்குள் அடங்கியிருந்த இந்தக் கைத்தொழிலை ஏற்றுமதித் தொழிலாக மாற்றியவர்களுள் முதல்வராக, பாண்டிச்சேரியிலிருந்து வந்த சார்லஸ் டி சூசா என்னும் யுரேஷியரைத் தொழில் வரலாறு எழுதுவோர் குறிப்பிடுவது வழக்கம்; அது 1840களின் செய்தி. 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, பதனிட்ட தோலைச் சென்னைத் துறைமுகம் வரையில் மாட்டு வண்டியில் கொண்டுசெல்லும் கஷ்டம் தீர்ந்தது. அங்கிருந்து லண்டன் சந்தைக்கு ஏறிய சரக்குக்கு ‘ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்’ என்று பெயர். கிடங்குகளுக்கு உடைமையாளராக இருந்தவர் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர். குழியில் இறங்கி நின்றவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பார். தொழிலின் லாபமும் அதன் நாற்றமும் ஒரே வீட்டுக்குப் போகவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் முழுமையாகாது.

பச்சைத் தோல் கிடங்குக்கு வந்ததும் நடக்கும் காரியங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பின்னால் சொல்லப்போகிற நோயின் ரகசியமே அங்கேதான் கிடக்கிறது. உப்பிட்டு வந்த தோலை முதலில் நீரில் ஊறவைத்து உப்பையும் அழுக்கையும் போக்குவார்கள். பிறகு சுண்ணாம்புக் குழியில் போட்டுப் பல நாள் வைத்திருப்பார்கள். சுண்ணாம்பு மயிரை மட்டும் தளர்த்துவதில்லை. நாருக்கும் நாருக்கும் இடையே பசைபோல் நிரம்பியிருக்கும் மற்றப் புரதங்களையும் கரைத்து வெளியேற்றி, நார்க்கற்றைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து விரிக்கிறது. அப்பால் வளைந்த கத்தி கொண்டு ஒரு பக்கத்து மயிரையும் மறுபக்கத்துச் சதையையும் வழித்தெடுத்து, சுண்ணாம்பு போகக் கழுவி எடுத்தால் மிஞ்சுவது, வெளுத்து வழுவழுத்த ஒரு பொருள். ஏறக்குறைய முழுவதும் ஒரே புரதம். அந்தப் புரதத்துக்குத்தான் கொலாஜன் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘பசையைத் தருவது’ என்பது அதன் பொருள். தோலையும் எலும்பையும் காய்ச்சி வஜ்ஜிரம் எடுத்த தச்சர்களுக்கு அந்தப் பெயரின் நியாயத்தை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அப்படியே விட்டுவிட்டால் அழுகிப்போகும், காயவைத்தால் பலகைபோல் விறைக்கும், 60 டிகிரி சூட்டைத் தாண்டினால் சுருண்டு போகும் அந்த நாரைப் பட்டைச் சாற்றுக் குழிகளில், முதலில் இளஞ்சாறு, பிறகு முற்றிய சாறு என்ற கிரமத்தில், வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊறப்போட்டால், சாற்றின் டானின் என்னும் பொருள் நாரோடு நாரைப் பிணைத்து, தோல் தோலாகவே நிலைத்துவிடுகிறது.

வாரக்கணக்கில் நடந்த இந்தப் பிணைப்பை ஒரே நாளில் முடிக்கும் வித்தை அமெரிக்காவிலே பிறந்தது. 1884-இல் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவரும், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவரும் குரோமிய உப்பினால் பதனிடும் முறைகளுக்கு உரிமை பெற்றனர். கொதிக்கும் நீரையே தாங்கி நிற்கும் அந்த நீலத் தோலை நம் மாகாணத்துக்குக் கொண்டுவர முயன்றவர் ஆல்பிரட் சாட்டர்ட்டன். சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் இருந்துகொண்டு அலுமினியப் பாத்திரத்தையும் கிணற்றுக்கு எண்ணெய் எந்திரத்தையும் பரப்பப் பாடுபட்ட அந்த மனிதர், 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குரோம் பதனிடும் பரிசோதனைகளை நடத்தியதோடு, 1904-இல் இம்மாகாணத்துத் தோல் தொழிலைப் பற்றி ஒரு விரிவான நூலும் எழுதினார். கமலைச் சாலுக்குக் குரோம் தோல் நெடுநாள் உழைக்கும் என்பதில் அவருக்கிருந்த உற்சாகம் அலாதியானது. எனினும் நம் வட்டாரம் பட்டையை அவ்வளவு சுலபமாகக் கைவிடவில்லை. தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை கப்பலில் வந்து ஆவாரையின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டதே தவிர, குரோமியத்தின் ஆட்சி சுதந்திரத்துக்குப் பின்னரே, அதிலும் 1973-இல் அரசாங்கம் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் செருப்பையும் ஏற்றுமதி செய்ய வேண்டுமென்று தொழிலைத் திருப்பிவிட்ட பிறகே, உறுதிப்பட்டது. ஆம்பூர் ஷூ என்று இன்று உலகம் அறிந்தது அந்தத் திருப்பத்தின் விளைவு. அதே குரோமியம் பாலாற்றுக்குச் செய்த தீங்கும், அதன்பேரில் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பும் வேறொரு நீண்ட கதை. அதை இங்கே பிரிக்கவில்லை.

பிணைக்கத் தெரிந்திருந்தது, பிணைக்கப்படுவது என்ன உருவமுடையது என்பது தெரியாதிருந்தது. 1948-இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதற்குக் கூப்பிடு தூரத்தில், கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக 1952-இல் வந்து சேர்ந்தார் கோ. நா. ராமச்சந்திரன் என்னும் 30 வயது இளைஞர். அவ்வாண்டு சென்னைக்கு வந்திருந்த பெர்னல் என்னும் அயர்லாந்து விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் தீராத புதிராக இருக்கிறதென்று சொல்லிவிட்டுப் போக, அதைப் பிடித்துக்கொண்ட ராமச்சந்திரனும் அவருடைய தோழர் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு கணக்கிட்டு, 1954-இல் ‘நேச்சர்’ இதழில் தம் விடையை வெளியிட்டனர். மறு ஆண்டில் அதைத் திருத்திச் செம்மையாக்கினர். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டு ஒரு கயிறாக நிற்கின்றன. ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருப்பதாலேயே அவ்வளவு நெருக்கமான முறுக்கு சாத்தியமாகிறது. தேங்காய் நாரை மூன்று புரியாக முறுக்கிக் கயிறு திரிப்பவரைப் பார்த்து வளர்ந்த தேசத்துக்கு இந்த உருவம் புதிதன்று. கிடங்கிலே கூலியாள் கழியால் புரட்டிக்கொண்டிருந்தது இன்னதென்பது, அவன் கூலி பெற்ற நகரத்துக்கு 100 மைலுக்குள்ளேயே கண்டுபிடிக்கப்பட்டதை நினைத்து நான் வியப்பதுண்டு.

இனி நோய்க்கு வருவோம். 1753-இல் நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியராகிய கார்லோ குர்ஸியோ, 17 வயதுப் பெண் ஒருத்தியின் வினோதமான வியாதியை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அவளுடைய தோல் உடம்பெங்கும் இறுகி, கையை மடக்கவும் வாயைத் திறக்கவும் இயலாதபடி அவளைக் கட்டிப்போட்டிருந்தது. தொட்டுப் பார்த்த வைத்தியருக்கு அது மரத்தைப் போலவும் காய்ந்த மிருகத் தோலைப் போலவும் தோன்றியது. உவமைக்காகச் சொன்ன அந்தச் சொல், சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு உவமையாக இல்லாமல் உண்மையாகவே ஆயிற்று: அவள் உடம்பில் மிகுந்துபோயிருந்தது கொலாஜன் நாரே. ஸ்க்ளிரோடெர்மா, அதாவது தோல் இறுகும் நோய், என்ற பெயர் 19-ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. 1862-இல் பாரிஸின் மோரிஸ் ரேனோ, குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கும் விந்தையை எழுதினார். அது இந்நோயின் முன்னறிவிப்பு என்பது பின்னால் விளங்கியது. ஆனால் பெயரே தோலைச் சொன்னபடியால் பார்வையும் தோலிலேயே நின்றுவிட்டது. முடக்குவாதத்துக்கும் இதே கதி. அதன் பெயர் மூட்டைச் சொன்னது, வைத்தியரும் மூட்டையே பிடித்துப் பார்த்தார். லூபஸ் என்னும் நோயின் பெயர் முகத்துச் செம்படலத்தைச் சொன்னது. இம்மூன்று நோயாளிகளுக்கும் மூச்சு வாங்கியது. அதை யாரும் அந்தப் பெயர்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை. 1924-இல் ஜப்பானிய வைத்தியர் மட்ஸுயி, ஸ்க்ளிரோடெர்மாவில் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்து, நுரையீரலும் நாரேறிக் கிடப்பதைக் காட்டினார். முடக்குவாதத்தோடு நுரையீரல் நோயும் சேர்ந்து வருவதை லண்டனில் எல்மன், பால் என்னும் இருவர் 1948-இல்தான் எடுத்தெழுதினார்கள்.

இடையே 1942-இல், நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் சவங்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்த பால் கிளெம்பரர், தம் சகாக்களோடு சேர்ந்து ஒரு புதிய எண்ணத்தை வெளியிட்டார். லூபஸிலும் ஸ்க்ளிரோடெர்மாவிலும் கெடுவது தோலுமன்று, சிறுநீரகமுமன்று. எல்லா உறுப்புகளையும் தாங்கியும் இணைத்தும் நிற்கிற திசுவே எங்கும் பரவலாகக் கெடுகிறது. ஆகவே இவற்றைக் கொலாஜன் வியாதிகள் என்று ஒரு குடும்பமாக எண்ணலாம் என்றார். அந்தப் பெயர் காட்டுத்தீயாய்ப் பரவி, விளங்காத ரோகத்துக்கெல்லாம் சூட்டப்பட்டதைக் கண்டு அவரே சலித்துக்கொள்ளும்படி ஆயிற்று. பிற்காலத்தார் அதை இணைப்புத் திசு நோய்கள் என்று மாற்றினார்கள். காரணமும் வேறென்று தெரிந்தது: நோயைத் தடுக்க வேண்டிய காவற்சக்தியே சொந்த உடம்பைப் பகையென்று எண்ணித் தாக்குகிறது, தாக்குண்ட இடத்தில் ஆறும் தழும்பாக நார் படிகிறது. கிளெம்பரரின் பெயர் போயிற்று என்றாலும், உறுப்பை விட்டு நாரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவரே. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைத் தடவிப் பார்க்கும் நம் மேஸ்திரிக்கு அது முன்னமே தெரிந்த பார்வை.

நுரையீரலில் நார் படிந்தால் விளைவதைக் கொல்லன் துருத்தி கொண்டு விளக்கலாம். துருத்தியின் தோல் எண்ணெய்ப் பதத்தோடு நெகிழ்ந்திருக்கும் வரையில் இழுக்க இழுக்க விரிந்து காற்றை வாங்கும். காய்ந்து விறைத்துவிட்டால், கொல்லன் முழுப் பலத்தோடு இழுத்தாலும் பாதிதான் விரியும். மனித நுரையீரலில் கோடிக்கணக்கான மூச்சறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சுவரும் மெல்லிய இடத்தில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கனமுடையது. காற்றிலுள்ள பிராணவாயு அந்தச் சுவரைக் கடந்து ரத்தத்தில் சேர வேண்டும். சுவர் தடித்தால் இரண்டு நஷ்டம்: துருத்தி விரிவதில்லை, விரிந்த மட்டும் வந்த காற்றும் ரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. ஆரம்பத்தில் மாடிப்படி ஏறும்போதும் தண்ணீர்க் குடம் தூக்கும்போதும் இளைப்பு. கூடவே சளியில்லாத வறட்டு இருமல். வயதாகிவிட்டது, அடுப்புப் புகை, ரத்தசோகை என்று நோயாளியே சமாதானம் கண்டுபிடித்துக்கொள்வார். சிலருக்கு நார் அதிகமின்றியே நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் குறுகி, இதயத்தின் வலப்பக்கம் திணறும். லூபஸ்காரருக்கு நுரையீரலின் உறையில் நீர் கோத்து, மூச்சை இழுத்தால் விலாவில் குத்தும். தசை அழற்சியுள்ளவருக்கு மூச்சு வாங்கும் தசையே சோர்ந்துபோகும்.

இதையெல்லாம் நம் நாட்டில் கண்டறிவதற்குத் தடையாக இரண்டு பெரிய நிழல்கள் நின்றன. ஒன்று குஷ்டம், மற்றொன்று க்ஷயம். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர், 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியம், 1902-இல் ஒரு மருத்துவமனையாகவும், 1918-இல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியாகவும் வளர்ந்தது. குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி அந்த அம்மையார் பார்த்த நோயாளிகளின் கூட்டத்தில் விரல் குறுகிப் புண்ணானவர்கள் எத்தனையோ பேர். வட ஆற்காடு அந்நாளில் குஷ்டம் மிகுந்த ஜில்லாவாக இருந்தது. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், குஷ்டரோகியின் விரல் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமையால் காயப்பட்டுப் பட்டுத் தேய்கிறது என்று உணர்ந்து, மடங்கிப்போன கைகளைச் சஸ்திர சிகிச்சையால் நிமிர்த்தினார்; 1955-இல் கரிகிரியில் இதற்கென்றே ஆராய்ச்சி மருத்துவமனை திறக்கப்பட்டது. உலகப் பிரசித்தமான காரியம் அது. ஆனால் அப்படிப்பட்ட ஒரு நாட்டில், விரல்நுனி புண்பட்டுக் குறுகி, தோலில் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி விழுந்து, கை மடங்கிப்போன ஸ்க்ளிரோடெர்மாக்காரி ஒருத்தியை ஊரார் என்ன பெயர் சொல்லி ஒதுக்கியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஊசியால் குத்தினால் இவளுக்கு வலிக்கும், குஷ்டரோகிக்கு வலிக்காது. வித்தியாசம் அவ்வளவே, ஆனால் குத்திப் பார்ப்பார் வேண்டுமே. ரேனோ சொன்ன விரல் வெளுப்பும் நம் வெயிலில் மார்கழி விடியற்காலையில் தவிர அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை; காட்டினாலும் கறுத்த கையில் வெளுப்பும் நீலமும் ஐரோப்பியப் புத்தகத்துப் படம்போல் பளிச்சென்று தெரிவதில்லை.

க்ஷயத்தின் நிழல் இதைவிட நீளமானது. இருமி இளைத்தவரெல்லாம் என்புருக்கிக்காரர் என்பது சாதாரண ஜனங்களின் முடிவு மட்டுமன்று. நெடுங்காலம் வைத்தியர்களின் முதல் முடிவும் அதுவே, பெரும்பாலும் அது சரியாகவும் இருந்தது. வேலூருக்கு வடமேற்கே மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915 முதல் இயங்கிய க்ஷயரோக ஆரோக்கிய நிலையத்துக்கு இந்தப் பக்கத்து நோயாளிகளும் போனார்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று 1959-இல் நிரூபித்து, உலகத்து ஆரோக்கிய நிலையங்களின் அவசியத்தையே தகர்த்தது. அந்த மகத்தான வெற்றிக்குப் பின்னால், சளியில் கிருமி காணாமலே மாத்திரை கொடுக்கப்பட்டு, மாதங்கள் கழிந்தும் மூச்சிளைப்புத் தீராதவர்கள் சிலர் எப்போதும் இருந்தார்கள். க்ஷயம் பெரும்பாலும் நுரையீரலின் மேற்புறத்தில் குடியிருக்கும். இணைப்புத் திசு நோயின் நார் பெரும்பாலும் அடியிலிருந்து ஏறும். பழைய எக்ஸ்ரே படத்தில் அந்த அடிப்பகுதி மங்கல், இதயத்தின் நிழலாலும் மார்பின் நிழலாலும் மறைந்து, பலர் கண்ணுக்குத் தப்பியது.

நோயின் காரணத்தைத் தேடியவர்களை வழிநடத்தியது தோல் தூசியன்று, கல் தூசி. எடின்பரோவில் பைரம் பிராம்வெல் 1914-இல் தாம் கண்ட ஸ்க்ளிரோடெர்மா நோயாளிகளில் பலர் கல் தச்சர்களாக இருப்பதைக் கவனித்தார். 1957-இல் எராஸ்மஸ் என்பவர், தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் அந்நோயையும் அதன் நுரையீரல் குணங்களையும் விவரித்தார். கல்லில் உள்ள சிலிக்காத் தூள் உடம்பின் காவற்சக்தியைக் கலைக்கிறது என்பது இன்று உறுதிப்பட்ட விஷயம். இந்தச் செய்தி நமக்குத் தூரதேசத்துச் செய்தியன்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வேலை தொடங்கிய கோலார் தங்கவயலுக்குப் பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து, பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ஓடிய குடும்பங்கள் எத்தனை! தோல் குழிக்குப் போகாதவன் தங்கக் குழிக்குப் போனான். அங்கே பாறையைத் துளைத்த தூசி அவன் மார்பில் தங்கியது. மைசூர் அரசு 1940-இல் சிலிக்கோசிஸ் நோய்க்கென்று விதிகள் செய்தது. அந்த நாற்பதுகளிலேயே கோலாரில் சிலிக்கோசிஸைத் துருவி ஆராய்ந்தவர்களில் ஒருவர் கேப்ளன். பின்னர் அவர் வேல்ஸ் நாட்டுக்குப் போய், முடக்குவாதமுள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலில் உருண்டை உருண்டையாகத் தோன்றும் கட்டிகளை 1953-இல் எழுதினார். மூட்டு நோயும் தூசி நோயும் ஒரே மார்பில் சந்திக்கும் அந்த நிலைக்குக் கேப்ளன் சிண்ட்ரோம் என்று இன்றும் பெயர். பாடப்புத்தகம் கார்டிஃப் நகரத்தைச் சொல்லும், கோலாரைச் சொல்லாது.

தோல் பதனிடுவதால் இந்நோய் வருகிறதென்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கிடங்கில் நாரைப் பிணைப்பதும் உடம்பில் நார் பிணைவதும் வெவ்வேறு காரியங்கள்; பொருள்தான் ஒன்று. செருப்பு ஒட்டும் பசையிலும் மெருகிலும் சேருகிற சில கரைப்பான்களுக்கும் ஸ்க்ளிரோடெர்மாவுக்கும் சம்பந்தம் உண்டென்று ஆராய்ச்சிகள் சுட்டுகின்றன; அது தொழில் முழுவதையும் சேராது. முடக்குவாதக்காரரின் நுரையீரலுக்குப் பீடியும் சிகரெட்டும் செய்கிற தீங்கு அதைவிடத் தெளிவாக நிறுவப்பட்டது.

சிகிச்சையின் சரித்திரத்தில் முதல் வெளிச்சம் 1948-இல் அடித்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், கார்ட்டிஸோன் ஊசி போட்டு, படுக்கையோடு கிடந்த முடக்குவாத நோயாளியை எழுந்து நடக்கவைத்தார்; இரண்டே ஆண்டில் நோபல் பரிசு வந்தது. அந்த மருந்து நம் நாட்டுக்கு வந்தபோது, உறங்கிக்கொண்டிருந்த க்ஷயத்தை எழுப்பிவிடும் அதன் துர்க்குணமும் கூடவே வந்தது. ஸ்டீராய்டு எழுதும் பேனா இங்கே இன்றும் ஒரு கணம் தயங்குவது அதனால்தான். சென்னைப் பொது மருத்துவமனையில் ஏ. என். சந்திரசேகரன் 1970களில் வாத நோய்களுக்கென்று தனித் துறையை, நாட்டுக்கே முன்னோடியாக, வளர்த்தெடுத்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பிற்பாடு அவ்வாறே ஒரு துறை அமைந்து, வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறி வருகிற மூட்டு நோயாளிகளைப் பார்த்துவருகிறது.

ஸ்க்ளிரோடெர்மாக்காரரைத் திடீரென்று கொன்றுகொண்டிருந்தது சிறுநீரகக் கோளாறு. 1980களில் கேப்டோப்ரில் இனத்து மருந்துகள் அதை அடக்கியதும், அதுவரை பின்னால் நின்ற நுரையீரல் முன்னுக்கு வந்து, அந்நோயின் மரணங்களுக்கு முதற்காரணமாயிற்று. அதே காலத்தில் நுண்ணிய சி.டி. படங்கள் வந்து, எக்ஸ்ரேயில் மறைந்திருந்த அடிப்பகுதியைத் தேன்கூடு தேன்கூடாக வெளியே காட்டின. சைக்ளோபாஸ்பமைட் என்னும் கடுமையான மருந்து ஓராண்டு கொடுத்தால் சொற்பப் பலன் உண்டென்று 2006-இலும், மைக்கோபெனலேட் என்பது அதே பலனைக் குறைந்த தொல்லையோடு தரும் என்று 2016-இலும் நிறுவப்பட்டன. 2019-இல் நிண்டெடனிப் என்னும் மருந்து, நார் படியும் வேகத்தையே குறைப்பதாகக் காட்டப்பட்டது. வேகத்தைக் குறைக்கும், படிந்த நாரைக் கரைக்காது. பதனிட்ட தோலைத் திரும்பப் பச்சைத் தோலாக்கும் வித்தை கிடங்கிலும் கிடையாது.

ஆதலால் முன்கூட்டிக் கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு வேண்டிய முதற்கருவியோ 1816-இல் லென்னெக் செய்த அந்தப் பழைய ஸ்டெதாஸ்கோப்பே. முதுகின் அடிப்பக்கத்தில் அதை வைத்து, மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னால், இழுப்பின் கடைசியில் மெல்லிய படபடப்பு ஒன்று கேட்கும். இளம் வைத்தியர்களுக்கு அந்தச் சத்தத்தை அடையாளம் சொல்ல ஆசிரியர்கள் கையாளும் உவமை, வெல்க்ரோ பட்டையைப் பிய்க்கும் ஓசை. ஸ்விட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தம் நாயின் மயிரில் ஒட்டிய முள்விதையைப் பார்த்துச் செய்த அந்தப் பட்டை, குழந்தைகளின் ஷூவில் கயிற்றுக்குப் பதிலாகத் தைக்கப்படுவது. ஆம்பூர்த் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் காதுக்கு நன்கு பழகிய ஓசை.

ஆவாரம் பட்டை வண்டிகள் அணைக்கட்டுப் பக்கத்தில் இப்போது இறங்குவதில்லை. பொய்கை என்னும் ஊரில் செவ்வாய்க்கிழமைகளில் மாட்டுச் சந்தை கூடுகிறது. விடியற்காலையில் வேலூர் போகும் பஸ்ஸில், பெரிய எக்ஸ்ரே உறையை மடங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படியில் ஒரு காலை வைத்து, மூச்சு நிதானப்படும் வரையில் கம்பியைப் பிடித்தபடி நின்று, பிறகு மறு காலை எடுத்துவைக்கும் நடுத்தர வயதுப் பெண்கள் ஒருவர் இருவர் ஏறுகிறார்கள். கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருக்கிறார்.